கண்ணுக்குள் ஒரு சிப்: கேட்டவர்களுக்கு எங்கள் பதில்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில், கண் சிகிச்சைப் பிரிவின் சார்பாக ஆற்றப்பட்ட உரை)



உங்களில் சிலர் எங்களுக்கு எழுதுகிற கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "கண்ணுக்குள்ளே சிப் வைத்துப் பார்வையில்லாதவர்களுக்குப் பார்வை கொடுக்கிறார்களாமே, நம்முடைய ஆஸ்பத்திரியில் அதை ஏன் செய்யக்கூடாது? சபையாய்ச் சேர்ந்து பணம் திரட்டித் தருகிறோம்" என்று கேட்கிறீர்கள். இப்படிக் கேட்கிற மனதுக்காக முதலாவது உங்களுக்கு நன்றி சொல்லுகிறோம். அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் இரண்டுமே சரியாயிராது. ஆகவே இன்றைக்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே எடுத்துக்கொள்ளுகிறோம்.

கண்ணைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கண்ணின் முன்புறத்தில் இருக்கிற கருவிழியும் லென்ஸும் வெளிச்சத்தைக் குவித்து உள்ளே அனுப்புகிற ஜன்னல்கள். பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய படலந்தான் விழித்திரை. பழைய கேமராவில் ஃபிலிம் இருந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஃபிலிமைவிட இது எவ்வளவோ மேலானது; மூளையின் ஒரு துண்டே கண்ணுக்குள் வந்து விரிந்திருப்பதுபோல. இதன் ஒரு அடுக்கில் ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் வடிவச் செல்கள் ஏறக்குறைய 12 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு வடிவச் செல்கள் ஏறக்குறைய 60 லட்சம். இவை வெளிச்சத்தை மின்செய்தியாக மாற்றி, அடுத்த அடுக்குகளில் இருக்கிற நரம்புச் செல்களிடம் ஒப்படைக்கின்றன. அங்கே அந்தச் செய்தி சுருக்கப்பட்டு, பார்வை நரம்பிலுள்ள ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் வழியாக மூளைக்குப் போகிறது.

ஜன்னல் மங்கினால் மாற்றிவிடலாம். கண்புரைக்கு லென்ஸ் வைக்கிறோம். கருவிழி வெளுத்துப்போனவருக்குக் கண்தானம் உதவுகிறது. கண்தானம் என்றால் கண்ணையே எடுத்து இன்னொருவருக்கு வைத்துவிடுகிறோம் என்று அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வைப்பது கருவிழியை மட்டுமே. அறுந்துபோன 10 லட்சம் நரம்பிழைகளை மறுபடியும் இணைக்கிற வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை. 2023-ல் நியூயார்க்கில் முழுக் கண்ணையும் ஒருவருக்கு மாற்றிப் பொருத்தினார்கள். கண்ணில் இரத்தம் ஓடிற்று; அது உயிரோடிருந்தது; ஆனால் பார்வை வரவில்லை.

ஆகவே விழித்திரை கெட்டுப்போனவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது வெகுகாலமாகக் குறைவாகவே இருந்துவந்தது. அவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இருக்கிற நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. உலகத்தில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பரம்பரையாய் வருகிற நோய். சொந்தத்துக்குள் பெண் எடுத்துக் கொடுக்கிற குடும்பங்களில் இது வருகிற வாய்ப்பு அதிகம் என்பதை நம்முடைய ஊர்களில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாகவேண்டும். முதலில் மாலைக்கண்ணாகத் தொடங்கும். வீட்டார் சத்துக் குறைவு என்று நினைத்துக் கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்ப்பார்கள். பிறகு பக்கப்பார்வை சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகும். கடைசியில் அந்தக் குழாயும் அடைபடக்கூடும். இன்னொரு கூட்டத்தார் முதியவர்கள். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மாக்குலா என்று பெயர். அது வயது காரணமாகத் தேய்ந்துபோனால், எதிரே நிற்கிறவருடைய தோளும் காதும் தெரியும், முகம் தெரியாது. புத்தகம் கையில் இருக்கும், எழுத்து மறைந்திருக்கும்.

இந்த இரண்டு நோய்களிலும் ஒரு விசேஷம் உண்டு. சாகிறவை பெரும்பாலும் ஒளியுணர் செல்கள். அவற்றுக்கு அடுத்திருக்கிற நரம்புச் செல்களில் ஒரு பங்கு பல வருஷம் உயிரோடேயே காத்துக்கொண்டிருக்கிறது. தபால் எழுதுகிறவர் இறந்துவிட்டார், தபால்காரர் இன்னும் இருக்கிறார். அப்படியானால் அந்தத் தபால்காரர் கையில் நாமே ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்தால் என்ன? மின்சார விழித்திரை ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

மின்சாரத்தால் வெளிச்சத்தைக் காணலாம் என்பது பழைய செய்தி. 1755-ல் பிரெஞ்சு வைத்தியர் சார்ல் லெரோய், பார்வையற்ற ஒருவருடைய தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரத்தைப் பாய்ச்சினார். அந்த மனிதருக்கு ஒளி தெரிந்தது, நோய் தீரவில்லை. 1968-ல் இங்கிலாந்தில் பிரிண்ட்லி, லெவின் என்ற இருவர், பார்வையிழந்த ஒரு பெண்மணியின் மூளையின் பின்புறத்தில் 80 மின்முனைகளைப் பொருத்தியதைக் குறித்து அறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முனையாகத் தூண்டத் தூண்ட, அந்த அம்மாளுக்கு வெவ்வேறு இடத்தில் சிறிய ஒளிப்புள்ளிகள் தோன்றின. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில், காது கேளாதவர்களுக்கு உட்செவிக் கருவி நல்ல பலன் கொடுக்கத் தொடங்கியது. காதுக்கு முடிந்தது கண்ணுக்கு ஏன் முடியாது என்ற தைரியம் அநேகருக்கு அதனால்தான் வந்தது.

அப்படித் துணிந்தவர்களில் ஒருவர் டாக்டர் மார்க் ஹுமாயூன். பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவம் படித்தவர். அவர் மாணவராக இருந்தபோது அவருடைய பாட்டியம்மாளுக்குச் சர்க்கரை நோயினால் பார்வை போயிற்று. அதுதான் அவரைக் கண் மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. கண் வைத்தியத்தோடு பொறியியலையும் படித்துக்கொண்டார். 1990களில் அவரும் டாக்டர் யூஜின் டி யுவானும் மற்றவர்களும், பல வருஷமாய்ப் பார்வையில்லாமல் இருந்தவர்களை அறுவை அறையில் விழித்திருக்கச் செய்தே, விழித்திரையின்மேல் மெல்லிய கம்பியால் தூண்டிப் பார்த்தார்கள். "ஒளி தெரிகிறது, இந்தப் பக்கத்தில் தெரிகிறது" என்று அவர்கள் இடத்தைச் சுட்டிக் காட்டினார்கள். தபால்காரர் உயிரோடிருக்கிறார் என்பது உறுதியாயிற்று.

1998-ல் கலிபோர்னியாவில் செகண்ட் சைட் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. அவர்கள் செய்த முதல் கருவியில் 16 மின்முனைகள். 2002-லிருந்து ஆறு பேருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அடுத்து வந்த ஆர்கஸ்-2 என்ற கருவியில் 60 மின்முனைகள். 30 பேரை வைத்துச் சோதனை நடந்தது. 2011-ல் ஐரோப்பாவிலும் 2013 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. பத்திரிகைகளில் நீங்கள் வாசித்த "பயோனிக் கண்" பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லுகிறோம். நோயாளி ஒரு கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்வார். மூக்குக்கு மேலே அதில் சின்னஞ்சிறு கேமரா இருக்கும். அது பிடிக்கிற படம் கம்பி வழியாக இடுப்பில் தொங்குகிற ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டி அந்தப் படத்தை 60 புள்ளியாகக் குறைத்து மறுபடியும் கண்ணாடிக்கு அனுப்பும். அங்கிருந்து கம்பியில்லாமல், கண்ணைச் சுற்றிக் கட்டியிருக்கிற சுருளுக்குச் செய்தியும் மின்சக்தியும் சேரும். அதிலிருந்து ஒரு மெல்லிய நாடா கண்ணின் சுவரைத் துளைத்து உள்ளே போய், விழித்திரையின்மேல் ஒரு சிறு ஆணியால் பதிக்கப்பட்ட மின்முனைத் தகட்டோடு முடியும். எல்லாம் சரியாய் நடந்தால், கேமரா பார்த்தது ஒளிப்புள்ளிகளாய் அவருடைய மனக்கண்ணில் தோன்றும்.

அறுபது புள்ளி என்றால் எவ்வளவு? கோலம் போட்டுப் பழகின தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். ஆறு வரிசை, வரிசைக்குப் பத்துப் புள்ளி. அவ்வளவுதான். கோலத்தில் புள்ளிகள் தனித்தனியாய் நிற்கும்; இங்கே அதுவும் இல்லை. மின்சாரம் ஈரத்தாளில் மை பரவுவதுபோல அக்கம்பக்கத்துச் செல்களுக்கும் பரவி, புள்ளிகள் நீண்டும் கலந்தும் போகின்றன. தூண்டியபடியே இருந்தால் மங்கிப்போகின்றன. நிறம் கிடையாது. பார்வையின் அகலம் ஏறக்குறைய 20 பாகை, அதாவது கையை நீட்டிப் பிடித்த ஒரு புத்தகத்தின் அளவு என்று சொல்லலாம். ஆகவே அவர் தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித்தான் ஒரு கதவையோ ஜன்னலையோ கண்டுபிடிக்கவேண்டும். பெத்சாயிதா ஊரில் முதல் தொடுதலுக்குப் பிறகு மனிதரையும் மரத்தையும் பிரித்தறியாமல் நின்றவனை நீங்கள் வேதத்தில் வாசித்திருக்கிறீர்கள். அந்த அளவுக்குக்கூட இது வரவில்லை என்று சொல்லுவதே நேர்மை.

ஆனால் அதை அற்பமாய் எண்ணிவிடவும் வேண்டாம். இருபது வருஷம் முழு இருட்டில் இருந்தவருக்கு, வெள்ளைச் சுவரில் கறுப்பாய்த் தெரிகிற இடம் வாசல் என்று கைநீட்டாமலே தெரிவது சிறிய காரியமல்ல. தரையில் வரைந்த கோட்டைப் பின்பற்றி நடந்தார்கள். எதிரே ஒருவர் வந்து நிற்பதையும் விலகிப் போவதையும் அறிந்தார்கள். சிலர் பெரிய எழுத்துக்களை ஒவ்வொன்றாய் வாசித்தார்கள். இந்த அளவுக்குக்கூட மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. கருவி பேசுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு புது பாஷை. மூளை அதை எழுத்துக்கூட்டிப் படித்தாகவேண்டும். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு இது ஏற்றதல்ல என்பதற்கும் காரணம் அதுதான். ஒரு காலத்தில் பார்த்துப் பழகிய மூளைதான் இந்த அரைகுறைச் செய்தியை வைத்து எதையாவது ஊகிக்க முடியும்.

பாடுகளும் இருந்தன. அந்த 30 பேரில் 11 பேருக்கு முதல் மூன்று வருஷத்துக்குள் கருவியாலோ அறுவையாலோ கடுமையான தொந்தரவுகள் வந்தன; பெரும்பாலானவை சிகிச்சைக்கு அடங்கின. விலை, கருவிக்கு மட்டும், அமெரிக்காவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். இன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்.

ஜெர்மனியில் வேறொரு வழியில் போனார்கள். ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எபர்ஹார்ட் ஸ்ரென்னரும் அவருடைய கூட்டத்தாரும் கேமராவே வேண்டாம் என்றார்கள். வெளிச்சத்தை நேராய் உணரக்கூடிய 1,500 சிறு கண்களைக் கொண்ட ஒரு சிப், அளவு மூன்று மில்லிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர். அதை விழித்திரைக்குப் பின்னால், செத்துப்போன செல்கள் இருந்த அதே இடத்தில் வைத்தார்கள். மின்சக்தி காதுக்குப் பின்னாலிருந்து கம்பி வழியாக வந்தது. கண் அசைந்தால் பார்வையும் அசையும், தலையை ஆட்டவேண்டாம். முதல் சோதனைகளில் கலந்துகொண்ட ஒருவரைப்பற்றி 2010-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். மேஜைமேல் பெரிய எழுத்துக்களை அடுக்கி அவருடைய பெயரை எழுதிக் காட்டினார்கள். அவர் நிதானமாய் வாசித்துவிட்டு, அதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று சொன்னாராம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சிரிப்பு வருகிற இடம் அபூர்வம். இது எங்களுக்குப் பிடித்த ஒரு இடம்.

இனி சொல்லப்போவதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருங்கியது.

செகண்ட் சைட் கம்பெனி 2019-ல் ஆர்கஸ்-2 கருவியைச் செய்வதை நிறுத்தியது. மூளையிலேயே பொருத்துகிற வேறொரு கருவியின்மேல் அதன் கவனம் திரும்பியிருந்தது. 2020 மார்ச்சில் பணமில்லாமல் ஊழியரில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 2022-ல் வேறொரு மருத்துவக் கம்பெனியோடு இணைந்தது. ஜெர்மனியில் அந்தச் சிப்பைச் செய்த ரெட்டினா இம்ப்ளான்ட் கம்பெனியும் 2019-ல் மூடப்பட்டது. உலகம் முழுவதும் ஆர்கஸ்-2 பொருத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 350 பேர். அவர்களுடைய கண்ணுக்குள் கருவி இருந்தது. கருவிக்குப் பின்னால் நின்றவர்கள் இல்லை.

இது நடைமுறையில் என்ன என்பதை 2022 பிப்ரவரியில் ஒரு அமெரிக்கப் பொறியியல் பத்திரிகை விசாரித்து எழுதியது. ஒரு பெண்மணி சுரங்க ரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, சில முறை ஒலி எழுப்பிவிட்டு அவருடைய கருவி அணைந்துபோயிற்று. நாலு வருஷமாய் அவர் பழகியிருந்த வெளிச்சம் அந்த நிமிஷத்தில் போயிற்று. அது கம்பெனி நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நேர்ந்தது. சரிசெய்ய முயன்றும் முடியவில்லை. இன்னொருவருக்குத் தலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டுமென்று டாக்டர்கள் சொன்னார்கள். கண்ணுக்குள் உலோகம் இருக்கிறது. எந்த விதமாய் எடுக்கலாம் என்று கம்பெனியைத்தான் கேட்கவேண்டும். கேட்க அங்கே ஆள் இல்லை. கண்ணாடி உடைந்தால், இடுப்புப் பெட்டி கெட்டால், மாற்றுக்கு எங்கே போவது என்று மற்றவர்களும் தவித்தார்கள். சிலர் ஒருவருக்கொருவர் உதிரி பாகங்கள் தேடவேண்டியதாயிற்று.

நாங்கள் அந்தக் கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வரவில்லை. கொஞ்சம் பேருக்கே வருகிற ஒரு நோய்க்கு, மிகுந்த செலவில், ஒருவரும் செய்யாததைச் செய்து காட்டினார்கள். பிற்பாடு வந்தவர்கள் எல்லாரும் அவர்கள் தோளில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனுடைய கண்ணுக்குள் எதையாவது வைக்கிறவர்கள், அவன் உயிரோடிருக்கிற நாளெல்லாம் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்தப் பொறுப்பைப் பங்குச் சந்தையை நம்பி வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்வையற்றவர்கள் தங்கள் இருட்டிலே அறிந்துகொண்டார்கள்.

இதற்கிடையில் ஆராய்ச்சி நிற்கவில்லை என்பதையும் சந்தோஷத்தோடு சொல்லுகிறோம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேனியல் பலங்கர் வடிவமைத்த பிரிமா என்ற சிப், இதுவரை வந்தவற்றில் எங்களை அதிகமாய் நம்பிக்கைகொள்ளச் செய்கிறது. இரண்டு மில்லிமீட்டர் சதுரம். கனம் தலைமயிரில் பாதிகூட இல்லை. 378 சிறு கட்டங்கள். கம்பி கிடையாது, பாட்டரி கிடையாது. கண்ணாடியிலிருக்கிற கேமரா எடுத்த படத்தை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகக் கண்ணாடியே கண்ணுக்குள் பாய்ச்சுகிறது. அந்த ஒளியே படம், அந்த ஒளியே மின்சக்தி. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கிற தகடுகளைக் கூரைமேல் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே தத்துவந்தான்.

இதை மாக்குலா தேய்ந்துபோன முதியவர்களுக்கு வைத்தார்கள். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 17 மருத்துவமனைகளில் 38 பேருக்கு இந்த அறுவை நடந்தது. 2025 அக்டோபரில் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷம் முடிந்தபோது பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தது. கண் பரிசோதனை அட்டையில் குறைந்தது பத்து எழுத்துக்கள் அதிகமாய் வாசித்தார்கள். 27 பேர் வீட்டிலேயே எழுத்தையும் எண்ணையும் வார்த்தையையும் வாசிக்க இதைப் பயன்படுத்தினார்கள். ஓரத்தில் மீந்திருந்த சொந்தப் பார்வையும் இதனால் குறைந்துபோகவில்லை. எழுத்தை மறந்து வருஷங்களான எண்பது வயதுக்காரர் ஒரு மருந்துச் சீட்டை வாசிப்பது என்றால் யோசித்துப்பாருங்கள்.

இதிலும் கஷ்டங்கள் உண்டு. 19 பேருக்குக் கடுமையான தொந்தரவுகள் வந்தன. பெரும்பாலானவை அறுவைக்குப் பின் இரண்டு மாதத்துக்குள் வந்து, பெரும்பாலும் தீர்ந்தன. தெரிவது கறுப்பு வெள்ளை. வேகமாய் வாசிக்க முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சிப்பைச் செய்துவந்த பிரெஞ்சுக் கம்பெனியான பிக்ஸியம் விஷனும் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே பணமுடையில் விழுந்தது. 2024-ல் சயன்ஸ் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி இந்த வேலையை வாங்கி எடுத்துக்கொண்டதால்தான் காரியம் தொடர்ந்தது. மூன்று கம்பெனிகள், மூன்றுக்கும் ஒரே சோதனை.

"ஆரம்பத்தில் எல்லாமே விலை அதிகம்தானே, டாக்டர்? பிறகு குறையாதா?" என்று எங்களிடம் ஒரு மூப்பர் கேட்டார். குறையும். அதற்கு நம்முடைய பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை முதன்முதல் 1949 நவம்பரில் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டாக்டர் வைத்தார். கண்ணுக்குள் பிளாஸ்டிக்கை வைக்கிறானே என்று பெரிய டாக்டர்களே அவரை வெகுகாலம் எதிர்த்தார்கள். பிறகு உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. நம்முடைய ஏழைகள் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடியோடு தடுமாறிக்கொண்டிருந்தார்கள். 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையார் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அந்த லென்ஸை இங்கேயே செய்தார்கள். விலை சில டாலருக்கு இறங்கியது. இன்று அது கிராமத்துப் பாட்டியின் கண்ணிலும் இருக்கிறது.

ஆனால் லென்ஸுக்கும் சிப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு; இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. லென்ஸ் உள்ளே போனபிறகு யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அதைச் செய்த கம்பெனி நாளைக்கே மூடினாலும் பாட்டியின் பார்வை போகாது. சிப் அப்படியல்ல. அதற்குக் கண்ணாடி வேண்டும், கேமரா வேண்டும், கணினிப் பெட்டி வேண்டும், அதைச் சரிசெய்கிற ஆள் வேண்டும், பழக்குகிற ஆசிரியை வேண்டும், வருஷாவருஷம் வேண்டும். அது விலைக்கு வாங்குகிற பொருள் என்பதைவிடத் தத்தெடுக்கிற பிள்ளை என்பது பொருந்தும்.

ஆகவே இப்போதைக்கு எங்கள் பதில் இது. இந்தக் கருவிக்காகச் சபைகளில் பணம் திரட்டவேண்டாம். அறுவை செய்ய எங்களால் முடியுமா முடியாதா என்பது பெரிய கேள்வியல்ல. விழித்திரை அறுவையில் தேர்ந்த டாக்டர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அந்த நோயாளி எங்கள் வாசலில் வந்து நின்று "அணைந்துபோயிற்று" என்று சொன்னால், அவருக்கு யார் பதில் சொல்லுவார்கள் என்பதற்கு உறுதி கிடைக்கிற நாளில், நாங்களே உங்களிடம் வந்து கேட்போம். நம் நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையின்மையில் மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால்தான் என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அரைமணி நேர அறுவையில் தீருகிற இருட்டு அது.

விழித்திரை நோயாளிகளை நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்களை வருத்துவது வேறொன்று. செய்தித்தாளில் "பயோனிக் கண்" என்று வாசித்துவிட்டு, "அது வரட்டும், அதுவரைக்கும் வெள்ளைக்கோல் எதற்கு, ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று ஒரு வாலிபனை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். இன்னும் சிலர் நிலத்தை விற்றாவது வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று வருகிறார்கள். அந்த வாலிபனுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. கணினித் திரையில் இருப்பதைச் சத்தமாய் வாசித்துச் சொல்லுகிற என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்பவர் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். அதற்கு விலையே இல்லை. தமிழையும் வாசிக்கும். ஆறு வாரம் கோல் பிடித்து நடக்கப் பழகினவன் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாளைக்குச் சிப் வந்தாலும் இந்தப் பழக்கமெல்லாம் அவனுக்கு வேண்டியதாகவே இருக்கும்.

யாராவது உங்களிடம் வந்து, சிப் வைத்துப் பார்வை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று சொன்னால் மூன்று காரியம் கேளுங்கள். நோயாளிக்குக் கெட்டிருப்பது எந்த அடுக்கு? கண்நீர் அழுத்த நோயால் பார்வை நரம்பே செத்துப்போயிருந்தால் விழித்திரைச் சிப் ஒன்றுக்கும் உதவாது. இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சியானால் நோயாளியிடம் பணம் கேட்பது முறையல்ல. கருவி கெட்டால் பழுதுபார்ப்பது யார், எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் தருவார்களா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பல பேர் நழுவுவார்கள்.

கடைசியாக, உங்கள் சபையில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். "இதற்கு ஒன்றும் செய்யமுடியாது" என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டு, அதற்குப் பிறகு கண் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் விட்டவர்கள் அநேகர். இந்த நோய் உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே கண்புரையும் விழத் தொடங்கும். மாக்குலாவில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. மீந்திருக்கிற பார்வையில் ஒரு பங்கை இவை வீணாய் மறைத்துக்கொண்டிருக்கக்கூடும். ஆர்.பி.இ.65 என்ற ஒரு மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் 2017-ல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுவதும் நல்லது. வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து கண்ணைக் காட்டட்டும். பழைய சீட்டுகள் கிழிந்திருந்தாலும் கொண்டுவரட்டும். வீட்டில் வேறு பிள்ளைகளுக்கும் சாயங்காலத்தில் தடுமாற்றம் இருந்தால் அவர்களையும் கூடவே அழைத்துவரச் சொல்லுங்கள்.